சூடு பட்ட இடம்

“புலி வேண்டாம் எண்டு சொல்லுங்கோ அக்கா. சீனப் புலியும் வேண்டாம், யப்பான் புலியும் வேண்டாம்.”

“அலைக்கு நடுவுல நிக்கற புலி தம்பி. நெறைய பேர் கேட்டு வாங்கற படமாம்.”

“அலையிலை நிண்டாலென்ன, கட்டில்லை படுத்தாலென்ன? கொழும்பு எயார்போட்டிலை சேட்டைக் கழட்டச் சொல்லுவாங்கள். பாத்தால் முதுகிலை புலி. பிறகு கேள்வியே தேவையில்லை.”

ரோசாலி இதைப் பிரெஞ்சில் சொன்னாள். பச்சை குத்தும் ரோமன் சிரிக்கவில்லை. கையிலிருந்த திரையில் புலியை ஒதுக்கிவிட்டு அடுத்த படத்தைக் கொண்டுவந்தான். சிங்கம்.

“ஐயோ,” என்றான் சாந்தன். “இது அவங்கட கொடியிலை நிக்கிறது. என்ர முதுகிலை போட்டுக்கொண்டு போனால், நக்கலடிக்கிறியோ எண்டு அதுக்குத் தனியா விழும்.”

“புத்தர் போடலாமான்னு கேக்கறாரு. தாமரைல உக்காந்த மாதிரி.”

“புத்தரைக் குத்திக்கொண்டு வந்த வெள்ளைக்காரரையே திருப்பி அனுப்பினவங்களாம்.”

“பிள்ளையார்?”

“நான் வேதக்காரன் அக்கா.”

“அப்ப மாதா போடலாமே.”

“மடு மாதா எண்டு பாத்தவுடனை சொல்லிப்போடுவாங்கள். மன்னாரோ நீ, சண்டை நடக்கேக்கை எங்கை நிண்டனீ, அங்கையிருந்து துவங்கும்.”

“உங்கள் நாட்டில் எந்த மிருகமும், எந்தச் சாமியும் சும்மா இருப்பதே இல்லையா, மதாம்?” என்று ரோமன் கேட்டான்.

“என் நாடு வேறு,” என்றாள் ரோசாலி. புதுச்சேரியில் பிறந்து, ஒன்பது வயதில் தகப்பனோடு இங்கே வந்தவள் அவள். நாற்பது வருடமாக இதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது அந்தக் கடை. திங்கட்கிழமை காலை. தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் ஒரு தொலைபேசிக் கடையின் பின்பாதியில் மேசை போட்டுப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ரோசாலிக்கு அன்றுதான் விடுமுறை. சாந்தன் அங்கே இரண்டு தெரு தள்ளி ஒரு உணவுக்கடையின் அடுப்படியில் நிற்பவன். புறநகரான பியர்ஃபித்தில் நாலு பேரோடு ஓர் அறை. முப்பத்து நாலு வயது. மூன்று வருடத்துக்கு முன்பு அவனுடைய அகதிக் ‘கேஸை’ப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். கேஸ் தோற்றது. மேல்முறையீடும் தோற்றது. போன குளிர்காலத்தில் ரயில் ஸ்டேஷன் வாசலில் போலீசார் பிடித்து நாற்பது நாள் பூட்டி வைத்தார்கள். திருப்பி அனுப்பத் தேவையான தூதரகத்துத் தாள் வந்து சேராததால் வெளியே விட்டார்கள். அடுத்த தடவை தாள் வந்துவிடும் என்று உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் அவனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அதற்குள் முதுகிலுள்ள தழும்பை மூட வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

நீக்கிலாஸ் என்ற மன்னார்க்காரரைப் போன வருடம் கொழும்புக்கு விமானத்தில் ஏற்றினார்கள். அவர் தோளில் ஷெல் துண்டு கிழித்த தழும்பு இருந்தது. விமான நிலையத்தில் சட்டையைக் கழற்றச் சொல்லி, தழும்பைப் படமெடுத்து, எந்தச் சண்டையில் வாங்கினாய் என்று பதினொரு நாள் கேட்டார்கள். இப்போது அவரால் வலது கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது என்று அவருடைய மனைவி அற்புதராணி சாந்தனுக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

“தம்பி, நான் மறுபடியும் சொல்றேன்,” என்றாள் ரோசாலி. “இந்தக் காயம்தான் உங்க கேஸுக்கு இருந்த ஒரே சாட்சி. மூடிட்டா அப்புறம் கேஸைத் திறக்கவே முடியாது. டாக்டர் திரும்பப் பாக்கணும்னா என்னத்தைப் பாப்பார்?”

“பாத்தவைதானே அக்கா. டொக்டர் பாத்தார், எழுதித் தந்தார். நீதிபதி அதை வாசிச்சுப்போட்டும் இல்லையெண்டார். இஞ்சை இதை ஒருத்தரும் நம்பேல்லை. அங்கை பாத்தவுடனை நம்புவாங்கள். அதுதான் பிரச்சினை.”



ரோமன் இரண்டு நாளைக்கு முன்பே சாந்தனின் நாட்டைப் பற்றித் தேடிப் பார்த்து ஒரு படம் வரைந்து வைத்திருந்தான். அதைக் கடைசியாகக் காட்டுவதற்கென்று வைத்திருந்தான் போல. முதுகு முழுவதும் ஒரு கொடி ஏறிப் போகிறது. நுனியில் சிவப்பும் அடியில் மஞ்சளுமாக, இதழ்கள் மேல்நோக்கி நெளியும் பூக்கள். ஒவ்வொரு இதழையும் அவன் தனித்தனியாக வரைந்திருந்தான்.

“ஐயா, எவ்ளோ அழகு!” ரோசாலி தன்னை அறியாமல் சொன்னாள். “செங்காந்தள். எங்க பாட்டுப் புஸ்தகத்துல இருக்கும். பொண்ணுங்க விரல் மாதிரின்னு சொல்வாங்க.”

சாந்தன் படத்தைப் பார்த்தான். பிறகு கதவைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

“அக்கா, அது கார்த்திகைப்பூ.”

“அப்படியா சொல்வீங்க?”

“அது மாவீரர் நாளுக்கு வைக்கிற பூ. இதை முதுகிலை குத்திக்கொண்டு போறதெண்டால் புலியையே குத்தலாம்.” அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். “இவருக்கு ஆர் சொன்னது? கஷ்டப்பட்டுத் தேடி, சரியா அதையே பிடிச்சிருக்கிறார் மனுசன்!”

ரோசாலி விளக்கினாள். ரோமன் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டான். படத்தை அழிக்க மனமில்லாமல் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு அழித்தான்.

“அப்படியானால் அவருக்கு என்னதான் வேண்டும்?”

ரோசாலி கேட்டாள். சாந்தன் யோசித்துச் சொன்னான்.

“ஒண்டையும் சொல்லாத படம்.”

அதைப் பிரெஞ்சில் சொல்ல அவளுக்கு இரண்டு வாக்கியம் தேவைப்பட்டது. எந்த ஊரையும், யார் பக்கத்தையும், எந்தச் சாமியையும் சேராத படம் வேண்டும். பார்க்கிறவனுக்கு அடுத்த கேள்வி கேட்கத் தோன்றக் கூடாது.

ரோமன் பேனாவை மேசையில் தட்டினான். பிறகு தன் வேலையைப் பற்றிச் சொன்னான். தழும்பைக் கறுப்பால் மூடினால் கறுப்புக்கு அடியில் தழும்பு இன்னும் நன்றாகத் தெரியும். நேர்கோடுகள் போட்டால் தழும்பு வரும் இடத்தில் கோடு உடையும். கோணலும் மேடும் பள்ளமும் இயல்பாகவே உள்ள ஒன்றை வரைய வேண்டும். இறகு, செதில், மரப்பட்டை என்று ஏதாவது. அப்போது தழும்பும் அதில் ஒன்றாகிவிடும். “கண்ணை ஏமாற்றலாம். விரலை ஏமாற்ற முடியாது. தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சொல்லுங்கள்.”

“தடவ மாட்டாங்கள்,” என்றான் சாந்தன். “படம்தான் எடுப்பாங்கள்.”

இறகு என்றால் மயிலா, சேவலா, கழுகா என்ற கேள்வி வந்தது. மூன்றுமே வேண்டாம் என்றான். செதில் என்றால் மீன். மீன் என்றால் மீனவன். மீனவன் என்றால் கடலால் யாரை ஏற்றிப் போனாய் என்று கேட்பார்கள். மிஞ்சியது மரம். பனை கூடாது. ஆலும் அரசும் கூடாது.

கண்ணாடிக்கு வெளியே சந்தின் முனையில் நகரசபை நட்ட மரம் ஒன்று நின்றது. ரோசாலி தினமும் கடந்து போகும் மரம். பட்டை உரிந்து, சாம்பலும் பச்சையும் வெளிர்மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாய் இருந்தது. இவ்வளவு வருடத்தில் அதன் அடிமரத்தை அன்றுதான் நின்று பார்ப்பதுபோல் பார்த்தாள். ரோமனும் அவள் பார்வையைத் தொடர்ந்து பார்த்தான்.

“பிளத்தான்,” என்றான் மெதுவாக. “பிளத்தான் மரப்பட்டை. அதைவிட நல்லது கிடையாது.”

“இந்த மரம் அங்கை இருக்கோ?” சாந்தன் கேட்டான்.

“எங்க ஊர்ல பாத்ததில்ல. உங்க ஊர்ல?”

“இல்லை. ஒருநாளும் காணேல்லை.” எழுந்து போய்க் கண்ணாடியோடு நெற்றியை வைத்துப் பார்த்தான். “அப்ப ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது. சொறி பிடிச்ச மரம் எண்டு நினைப்பாங்கள். அது சரி. அதைப் போடச் சொல்லுங்கோ.”

ரோமன் வெளியே போய் மரத்தைப் பல கோணங்களில் படமெடுத்து வந்தான். கழுத்தின் அடியிலிருந்து இடுப்புவரை ஓர் அடிமரம். கிளையில்லை, இலையில்லை, பறவையில்லை. அரைமணி நேரத்தில் கோட்டுப்படம் தயார். இன்றைக்கு வெளிக்கோடு, பிறகு இரண்டு வார இடைவெளியில் மூன்று அமர்வு. அதற்கு முன் முதுகைப் பார்க்க வேண்டும் என்றான்.

சாந்தன் சட்டையைக் கழற்றி நீண்ட கட்டிலில் குப்புறப் படுத்தான். முகம் வைக்க ஓட்டையுள்ள கட்டில் அது.

ரோசாலி அந்தத் தழும்பை அதற்கு முன் பார்த்ததில்லை. அவளுடைய மேசைக்கு முன்னால் யாரும் சட்டையைக் கழற்றுவதில்லை. இடது தோள்பட்டைக்குக் கீழே சட்டைப் பொத்தான் அளவில் வட்டமாக ஒரு குழி. அங்கிருந்து நாலு விரல் தள்ளி, விலாப்பக்கமாக, இழுத்துத் தைத்ததுபோல் பல முனைகளோடு ஒரு மேடு.

ரோமன் கையுறை போட்ட விரலால் தொட்டான். “இது எப்படி வந்தது என்று கேளுங்கள். எனக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். தீக்காயத் தோல் வேறு மாதிரி. மை பரவிவிடும், ஊசியை மேலாகப் பிடிக்க வேண்டும்.”

“தம்பி, இது எப்படி வந்துச்சுன்னு கேக்கறாரு.”

“சூடு பட்டது எண்டு சொல்லுங்கோ.”

“தீக்காயம்,” என்றாள் ரோசாலி பிரெஞ்சில். “சூடு வைத்திருக்கிறார்கள். காய்ச்சிய இரும்பால்.”

ரோமன் மறுபடி தொட்டான். வட்டக் குழியை, பிறகு மேட்டை. தலையை ஆட்டினான்.

“இல்லை மதாம். நான் தீக்காயங்களுக்கு மேல் எத்தனையோ தடவை வேலை செய்திருக்கிறேன். தீ தோலின் மேலே பரவும். இது உள்ளே போயிருக்கிறது. இங்கே நுழைந்து, இங்கே வெளியே வந்திருக்கிறது. இவரிடம் சரியாகக் கேளுங்கள்.”

“தம்பி,” என்றாள். “சூடுன்னா… இரும்பைக் காய்ச்சி வெச்சாங்களா?”

கட்டிலின் ஓட்டைக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. “இரும்போ? இல்லை அக்கா. சூடு எண்டால் சூடுதான். வெடி. துவக்காலை சுட்டவங்கள். சண்டையின்ர கடைசி மாசம், தண்ணிக்குள்ளாலை ஓடேக்கை பின்னாலை இருந்து சூடு பட்டது.”



“குண்டு,” என்று ரோமனிடம் சொன்னாள். “துப்பாக்கிக் குண்டு.”

“நான் சொன்னேனே. நல்லது. குண்டுத் தழும்பில் வேலை செய்யலாம்.” அவன் சவரக்கத்தியை எடுத்து முதுகை மழிக்க ஆரம்பித்தான்.

அவள் சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவளுடைய கணினியில் தயார் பத்திகள் உண்டு. கடலால் தப்பியது ஒரு பத்தி. முகாம் ஒரு பத்தி. இரவில் ஆளைத் தூக்க வந்த வெள்ளை வண்டி ஒரு பத்தி. ஒரே மாதிரிக் கதையோடு வருகிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுத நேரமில்லை. பெயரையும் தேதியையும் மாற்றுவாள். ‘இரும்பு’ என்று பெயரிட்ட பத்தியும் ஒன்று இருந்தது. முகாமில் விசாரணை, காய்ச்சிய கம்பி, முதுகில் அல்லது தொடையில். சூடு வைச்சவங்கள், சூடு வைச்சவங்கள் என்று எத்தனையோ பேர் அந்த மேசைக்கு முன்னால் சொல்லியிருக்கிறார்கள். சாந்தன் வந்த நாளில் வாசலில் இன்னும் ஆறு பேர் நின்றார்கள். முதுகில் சூடு பட்டது என்றான். அவள் ‘இரும்பு’ பத்தியை இழுத்து ஒட்டினாள். தொடை என்ற சொல்லை எடுத்துவிட்டாள். அவனுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டான். நன்றி அக்கா என்று சொல்லி ஒரு பை மாம்பழம் கொடுத்துவிட்டுப் போனான்.

நீக்கிலாஸின் கேஸையும் அவள்தான் எழுதினாள். அவர் என்ன சொன்னார் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். நினைவு வரவில்லை.

“தம்பி,” என்றாள். “உங்களை இல்லன்னு சொன்னப்போ, தீர்ப்புல என்ன காரணம் போட்டிருந்தாங்க? யாராவது வாசிச்சுச் சொன்னாங்களா?”

“வக்கீலின்ர ஆள் போனிலை சொன்னவர். ரெண்டு கதை சொல்லுறன் எண்டு எழுதியிருக்காம். பேப்பரிலை ஒரு கதையாம், வாயாலை வேறை கதையாம், டொக்டர் எழுதின துண்டும் பேப்பரோடை பொருந்தேல்லையாம்.” ரோமன் தோளை அழுத்திப் பிடித்ததில் அவன் குரல் நெரிந்தது. “நான் ஒரு கதைதான் அக்கா சொன்னனான். எல்லா இடத்திலையும் அதையேதான் சொன்னனான்.”

ரோமன் கோட்டுப்படத்தை ஊதா மையில் எடுத்த தாளைத் தழும்புக்குப் பொருத்தி ஈரமாக்கிய முதுகில் விரித்து உள்ளங்கையால் தடவினான். மெல்ல உரித்தெடுத்தபோது மரப்பட்டையின் கோடுகள் தோலில் இறங்கியிருந்தன. ஒரு திட்டின் விளிம்பு வட்டக் குழியைச் சுற்றிப் போனது. இன்னொன்று மேட்டின் முனைகளோடு ஒன்றாகிவிட்டது. எங்கே தழும்பு என்று தெரிந்த அவளுக்கே ஒரு கணம் தேட வேண்டியிருந்தது.

“பத்து நிமிடம் காய வேண்டும்,” என்றபடி ரோமன் ஊசியைப் பொருத்தினான். “இப்போது சோப்புப் போட்டால் போய்விடும். பிறகு போகாது. பிடித்திருக்கிறதா என்று கேளுங்கள்.”

அவள் கேட்கவில்லை.

சொல்லாமல் இருந்துவிடலாம். பத்து நிமிடம் கழிந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அவன் மரத்தோடு போவான். ஒருவேளை அது அவனைக் காப்பாற்றவும் செய்யலாம். அவள் நாளைக்குக் காலையில் மேசையைத் திறப்பாள். வாசலில் ஆட்கள் நிற்பார்கள். இருநூறுக்கு மேல் கேஸ் எழுதியிருக்கிறாள். எத்தனை பேருடைய வாயில் சூடு என்ற சொல் இருந்தது, அவற்றில் எத்தனை இரும்பு, எத்தனை குண்டு என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. கேஸ் எழுத அவளிடம் எந்த அனுமதிப் பத்திரமும் கிடையாது. அவளிடம் ஆளனுப்பும் இரண்டு வக்கீல்களும் அதைக் கேட்டதில்லை.

ரோமன் இயந்திரத்தை ஒரு தடவை அழுத்திப் பார்த்தான். சிறிய இரைச்சல் எழுந்து நின்றது.

“கொஞ்சம் இருங்கள்,” என்றாள் அவனிடம் பிரெஞ்சில். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். “தம்பி, அந்தப் பேப்பரை எழுதினது நான்தான்.”

“தெரியும்தானே அக்கா. நீங்கள்தான் எழுதினனீங்கள்.”

“தப்பா எழுதிட்டேன். நீங்க சூடுன்னீங்க. எங்க ஊர்ல சூடுன்னா நெருப்புதான். நான் முகாம்ல வெச்சு இரும்பால சுட்டாங்கன்னு எழுதிட்டேன். நீங்க சொல்லாததை எழுதினேன். அதான் ரெண்டு கதை. ஒண்ணு உங்களுது. ஒண்ணு என்னோடது.”

அவன் முகம் ஓட்டைக்குள் இருந்தது. அவளுக்குத் தெரிந்தது ஊதாக் கோடுகள் போட்ட முதுகு மட்டும்தான். அது மேலெழுந்து தாழ்ந்தது. அவன் எழுந்து கத்துவான் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உள்ளை இருக்கேக்கை,” என்றான் அவன், “இரவிலை படுத்திருந்து யோசிக்கிறனான். எல்லாரும் நான் மாத்திச் சொன்னனான் எண்டு சொல்லுகினம். நீதிபதி சொல்லுறார், வக்கீல் சொல்லுறார். அப்ப நான்தான் எங்கையோ பிசகிப்போட்டனோ எண்டு. தண்ணிக்குள்ளை நிண்டது நான்தானோ எண்டுகூட ஒருநாள் யோசிச்சனான்.”

“என்ன பேசுகிறீர்கள்?” என்றான் ரோமன். “படம் பிடிக்கவில்லையா?”

அவள் அவனைப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்தினாள்.

“கேஸைத் திரும்பத் திறக்கேலுமோ?” சாந்தன் கேட்டான்.

“திறக்கலாம். ஆனா புதுசா ஒண்ணு காட்டணும். முன்னாடி அவங்ககிட்ட இல்லாதது.”

“என்ன புதுசு?”

அவளுக்கு அது என்னவென்று தெரியும். அதை எழுதிக் கொடுத்தால் மேசையை மூட வேண்டியிருக்கும். வெளியே ஒரு பேருந்து திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

சாந்தன் இரண்டு கையையும் ஊன்றி, முதுகுக் கோடு அழிந்துவிடாமல் மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். கட்டில் ஓட்டையின் விளிம்பு அவன் நெற்றியிலும் கன்னத்திலும் பதிந்திருந்தது. கோபமில்லாத முகம். அடுப்படியில் நின்று ஏதாவது எடுத்துத் தரச் சொல்லிக் கேட்பதுபோல, தாழ்ந்த குரலில் கேட்டான்.

“அக்கா, இப்ப எனக்குச் சொன்னதை அப்பிடியே பிரெஞ்சிலை எழுதுங்கோ. உங்கட பேரையும் விலாசத்தையும் போட்டு, கையெழுத்து வைச்சு, இவர் ஊசியை வைக்க முதல் என்ர கையிலை தாங்கோ.”